இட்டேரித் தடத்தில் மலைச் சைக்கிள்: விஜயமங்கலம் முதல் கொடுமுடி வரை இரண்டு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

விஜயமங்கலத்தில் கிளம்பி, கொடுமணல் வழியாகச் சென்னிமலையில் இரவு தங்கி, மறுநாள் அறச்சலூர், சிவகிரி தாண்டிக் காவிரிக் கரையில் கொடுமுடியில் முடிக்கும் வழி இது. தார் ரோட்டில் போனால் ஒரே நாளில் முடிந்துவிடும். இட்டேரியிலும் (வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடம்) வாய்க்கால் கரையிலும் போனால் முதல் நாள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர், இரண்டாம் நாள் 55.

புதியவர்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பியவர்கள் மிகக் குறைவு. முள்ளாலும் வெயிலாலும் போன தடத்திலேயே திரும்பி வர நேர்ந்ததாலும் நொந்துபோய் நிறுத்தியவர்கள்தான் அதிகம். மூன்றுக்கும் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் டயர், மற்றதெல்லாம் பிறகு

கொங்கு நாட்டு மண் தடத்தில் மூன்று வகை முள் இருக்கிறது. நெருஞ்சி சின்னது, ஒரே நேரத்தில் பத்து ஏறும். சீமைக்கருவேல முள் ஆணி மாதிரி. மேய்ச்சல் நிலமான கொறங்காடுகளில் நிற்கும் வெள்வேல மரத்தின் முள் வெளுப்பாக, நேராக, ஜோடி ஜோடியாக இருக்கும். செம்மண்ணில் கிடந்தால் காய்ந்த குச்சி என்று நினைத்து மேலேயே ஏற்றிவிடுவோம்.

ஆகவே சாதாரண டியூபோடு வராதீர்கள். டியூப்லெஸ் ரிம் இருந்தால் சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். 29 அங்குல சக்கரத்தில் 2.2 அங்குல டயருக்கு 100 மில்லி வேண்டும். டப்பாவில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தாலும் 100 ஊற்றுங்கள், ஏனென்றால் இங்கே ஓட்டை ஒன்றிரண்டோடு நிற்காது. நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் சீலண்ட் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். போன வருஷம் ஊற்றியதை நம்பி வந்த ஒருவர் கொடுமணலுக்கு முன்பே இரண்டு சக்கரத்தையும் இழந்தார். அவரை எதற்குக் குறை சொல்ல, முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன்.

டியூப்தான் என்றால் டியூபுக்குள்ளேயே சீலண்ட் விடலாம். வால்வின் நடுக்குச்சியைக் கழற்ற முடிகிற டியூபாக இருக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று எவ்வளவு? 70 கிலோ ஆளுக்கு, டியூப்லெஸ் என்றால் முன்னால் 24, பின்னால் 27 பிஎஸ்ஐ எனத் தொடங்குங்கள். டியூப் என்றால் இரண்டிலும் ஐந்து கூட்டுங்கள். கல்லாக அடித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. காற்று கூடினால் முள் ஏறாது என்று நினைப்பு. ஏறுவது ஏறத்தான் செய்யும், கூடவே கரட்டு மண்ணில் சக்கரம் துள்ளி மணிக்கட்டு வலிக்கும்.

இன்னொன்று, டயரைப் போடும்போது அதன் மேல் அச்சிட்ட பெயரை வால்வுக்கு நேராக வைத்துப் போடுங்கள். டியூபில் ஓட்டை இருக்கும் இடம் தெரிந்தால், வால்விலிருந்து அளந்து டயரில் முள் இருக்கும் இடத்தையும் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

2. பையில் போடுவது

உதிரி டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, டயர் லிவர், செயின் வெட்டும் கருவியுள்ள மல்டி டூல், செயின் இணைப்பு ஒன்று, உங்கள் சைக்கிளுக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) ஒன்று. ஹேங்கரை மட்டும் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலிக் கிளுவைக் குச்சி பின்சக்கரத்துக்குள் போனால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு. சென்னிமலையில் தேடினால் கிடைக்காது.

முள்வாங்கி. அப்பாருடைய இடுப்பில் அரைஞாணில் தொங்குமே, அதே சாமான்தான். டயரில் முறிந்து உள்ளே தங்கிய முள் நுனியை விரலால் எடுக்க முடியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்றுப் போகும். புதியவர்கள் ஒரே இடத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டுவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் சக்கரத்தில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருந்தால் பித்தளை அடாப்டர் ஒன்று. ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் பைக், கார் வால்வுக்கானது. அடாப்டர் இல்லாவிட்டால் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று கைப்பம்பு அடிக்க வேண்டியதுதான். கடைக்காரரிடம் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள். லாரி டயருக்குப் பழகிய கை, ஒரே அழுத்தில் டயரை ரிம்மை விட்டுத் தள்ளிவிடும்.

தண்ணீர் மூன்று லிட்டர். உப்பு, கடலைமிட்டாய், முழுக்கைச் சட்டை, கண்ணாடி. கிளுவை வேலி ஓரமாகப் போகையில் முகத்துக்கு நேரே வரும் குச்சியைக் கண்ணாடிதான் தடுக்கும்.

3. மாதமும் காற்றும்

மார்கழி முதல் மாசி நடு வரை நல்ல காலம். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பதுக்கே தலை சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செவக்காடு பரவாயில்லை, ஒரு நாளில் காய்ந்துவிடும். ஆனால் இடையிடையே கரிசல் திட்டுகள் உண்டு. அந்த ஈர மண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிச் சக்கரமே சுற்றாது. மழை நின்று இரண்டு நாள் கழித்துக் கிளம்புங்கள்.

வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்களுக்கு எதிராக அடிக்கும்போதுதான் முழுதாகப் புரியும். இந்த வழியை மேற்கிலிருந்து கிழக்காக அமைத்ததே அதற்காகத்தான். விஜயமங்கலத்திலிருந்து கொடுமணல் தெற்கே இருப்பதால் அந்தப் பகுதியில் மட்டும் காற்று வலப்பக்கம் இடிக்கும். அதற்குப் பிறகு கொடுமுடி வரை முதுகில்தான். ஆடியில் யாராவது "கொடுமுடியில் ஆரம்பித்து இந்தப் பக்கம் வரலாமே" என்றால் அவரைத் தனியாக அனுப்பி வையுங்கள்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் சென்னிமலையில் அறை கிடைப்பது கஷ்டம். தேதி பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. தடத்தை வரைதல்

இட்டேரி என்பது இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித் தடம். செயற்கைக்கோள் படத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கரும்பச்சைக் கோடுகள் இணையாக ஓடும், நடுவில் வெளுத்த செம்மண் கீற்று ஒன்று தெரியும். கோடு ஒன்றே ஒன்றாக இருந்தால் அது வரப்போ ஒற்றை வேலியோதான். அதில் போகக் கூடாது, போகவும் முடியாது.

கோட்டைப் பார்த்ததும் வரைந்துவிடாதீர்கள். அதன் இரு நுனியும் வேறொரு தடத்தில் சேர்கிறதா என்று பாருங்கள். ஒரு நுனி ஓட்டு வீட்டில் முடிந்தால் அது யாரோ ஒருவருடைய சாளைக்குப் போகும் வழி. ஒருமுறை அப்படிப் போய் நேரே எருமைக் கட்டுத்தறியில் நின்றோம், நான்கு பேர், ஹெல்மெட்டோடு. அந்த வீட்டு ஆத்தா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, "தடம் இதோட முடிஞ்சுதுங் கண்ணு, திருப்பிக்கோங்க" என்றார். மோர் நன்றாக இருந்தது. போன வழியே திரும்பியதில் நாலு கிலோமீட்டர் வீண்.

வரையும் வரிசை: முதலில் கடக்க வேண்டிய இடங்களைக் குறியுங்கள், பிறகு அவற்றை இட்டேரியால் இணையுங்கள். விஜயமங்கலத்துக்குத் தெற்கே கோவை – ஈரோடு ரயில் பாதை குறுக்கே ஓடுகிறது. எவ்வளவு அழகான இட்டேரியாக இருந்தாலும் தண்டவாளத்தில் முட்டினால் பயனில்லை. கேட்டோ சுரங்கப் பாலமோ எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை நோக்கித் தடத்தை இழுங்கள். மழைக் காலத்தில் சுரங்கப் பாலத்தில் தண்ணீர் நிற்கும் என்பதால் இரண்டாவது வழி ஒன்றும் இருக்கட்டும். அடுத்து ஓடைகள், அதற்கடுத்து கீழ்பவானி வாய்க்காலின் பாலங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அழகான தடத்தை முதலில் வரைந்து, வாய்க்கால் கரையில் நின்று பாலத்தைத் தேடுவார்கள்.

முடித்ததும் ஜிபிஎக்ஸ் கோப்பாக (வரைந்த தடத்தைப் போனில் காட்டும் கோப்பு) இறக்கி, வரைபடத்தையும் ஆஃப்லைனில் சேமியுங்கள். சிக்னல் கிடைக்கும், ஆனால் வெயிலில் சூடேறிய போன் தானாக அணைந்துவிடும்.

படத்திலேயே இன்னொன்றையும் பாருங்கள். தடத்தை ஒட்டிக் கருஞ்சதுரம் தெரிந்தால் அது கிணறு. கொங்குப் பக்கம் தோட்டத்துக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அகலமாக, ஆழமாக, தரையோடு தரையாக இருக்கும். இருட்டிய பிறகு இட்டேரியில் ஓட்டவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

5. முதல் நாள் காலை: விஜயமங்கலம் முதல் கொடுமணல் வரை

சைக்கிள்களை ஏற்றிவரக் குட்டியானை ஒன்று பேசிக்கொள்ளுங்கள். நான்கு பேர் பங்கிட்டால் பெரிய செலவில்லை. சைக்கிள்களுக்கு நடுவில் போர்வை மடித்து வையுங்கள். டிஸ்க் பிரேக்கின் தட்டு வளைவது தடத்தில் நடப்பதைவிட வண்டியில்தான் அதிகம்.

காலை ஆறுக்குத் தொடங்குங்கள். பஸ்திபுரத்துச் சமணக் கோயில் வழியில்தான். ஊரில் நெட்டைக்கோபுரம் என்று கேட்டால்தான் சட்டென்று கை காட்டுவார்கள். கதவு பூட்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம், வெளியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலையின் முதல் இரண்டு மணி நேரம் பிறகு திரும்பக் கிடைக்காது.

இட்டேரிக்குள் நுழைந்ததும் கியரைக் குறைத்து, சீராக மிதியுங்கள். நடுவில் புல் மேடு, இருபக்கமும் வண்டிச் சக்கரம் போன பள்ளம் என்று தடம் இருக்கும். மேட்டில் ஓட்டத் தோன்றும். வேண்டாம், நெருஞ்சி படர்வது அங்கேதான். மண் இறுகிய பள்ளத்திலேயே போங்கள்.

ஆடோ மாடோ கட்டியிருந்தால் கயிறு தடத்துக்குக் குறுக்கே கிடக்கலாம். காலைச் சாய்வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. மாட்டைப் பார்த்ததும் முளைக்குச்சி எங்கே என்று பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் போகாதீர்கள். மயில் பறப்பதைவிட ஓடத்தான் செய்யும், அதுவும் கடைசி நொடியில் உங்கள் முன்சக்கரத்துக்கு நேராக. நிலக்கடலை, மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் தாழ்வாகக் கட்டிய கம்பியைத் தொடாதீர்கள். பன்றிக்காகக் கரண்ட் விட்டிருக்கக் கூடும்.

கொடுமணல் நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பெயர் பெற்ற அகழாய்வு இடம் என்று பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், கண்ணுக்குப் படுவது காடும் ஈமக் கற்களும்தான். கல்வட்டங்களுக்குள் சைக்கிளை விடாதீர்கள், தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். மண்ணில் பானை ஓடோ மணியோ தெரிந்தால் கையில் எடுக்க வேண்டாம். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த ஓட்டால் ஆய்வாளருக்குப் பயனில்லை.

நொய்யல் தண்ணீரில் முகம் கழுவாதீர்கள், செயினையும் கழுவாதீர்கள். திருப்பூர்ச் சாயக் கழிவைச் சுமந்து வந்த ஆறு இது.

6. தடம் கேட்கும் முறை

வரைந்த தடம் எப்படியும் ஓரிடத்தில் ஏமாற்றும். புது வேலி போட்டிருப்பார்கள். அப்போது கேட்க வேண்டும், கேட்பதில்தான் விஷயமே இருக்கிறது.

"ஏனுங்கய்யா, இந்தத் தடம் சென்னிமலைக்குப் போகுதுங்களா?" என்று கேட்டால், "போகுது போகுது" என்ற பதில்தான் வரும். உலகத்தில் எல்லாத் தடமும் எப்படியாவது சென்னிமலைக்குப் போகும். "சென்னிமலைக்கு மண் தடத்துலயே போகோணும்னா நீங்க எப்படிங்க போவீங்க?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டி, "கெழக்கால போயி, அந்தப் பனமரத்துக்கிட்ட தெக்கால திரும்பிக்கோங்க" என்பார். இங்கே யாரும் இடது, வலது சொல்வதில்லை. எந்தப் பக்கம் கிழக்கு என்று எப்போதும் தெரிந்து வைத்திருங்கள்.

மண் தடம் என்று சொல்லாவிட்டால் கட்டாயம் தார் ரோட்டில் ஏற்றிவிடுவார்கள். நல்லெண்ணத்தில்தான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளை முள்ளில் ஓட்டுவதை அவர்களால் ஏற்க முடிவதில்லை.

சைக்கிளை விட்டு இறங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

7. கடவும் நாயும்

கொறங்காட்டுக்குள் வழி போனால் கடவு இருக்கும். மூங்கில் படலோ இரும்புக் கதவோ. நீங்கள் வந்தபோது சாத்தியிருந்தால் போகும்போதும் சாத்துங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். உள்ளே காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் ஆள் இல்லாமலே மேயும், வேலிதான் மேய்ப்பவர். கூட்டமாகப் போகையில் முன்னால் போகிறவர் திறந்து பிடிக்க, கடைசி ஆள் சாத்த வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். "அவன் சாத்தியிருப்பான்" என்று எல்லோரும் நினைத்த ஒரு நாள், பதினைந்து ஆடுகளை அரை மணி நேரம் துரத்திப் பிடித்தோம். ஆட்டுக்காரர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் பேசியது நியாயம்தான்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்குங்கள், சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் நிறுத்துங்கள், மெல்ல நடங்கள். ஓடுகிற சக்கரத்தைத்தான் அது துரத்துகிறது. "ஏனுங்க, நாயைக் கொஞ்சம் புடிங்க!" என்று சத்தமாகக் கூப்பிட்டால் சாளையிலிருந்து ஆள் வருவார்.

8. மதியம்: எந்த நிழலில் உட்காருவது

பதினொன்றுக்கு நிறுத்தி, மூன்றரைக்கு மறுபடி தொடங்குங்கள். புதியவர்கள் செய்யும் ஆகப் பெரிய தவறு நடப்பது இங்கேதான். வெயிலில் வந்து முதலில் தெரிந்த மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த மரம் வெள்வேலம். ஆட்டுக்காரர்கள் தொரட்டியால் இழுத்துப் போட்ட கிளையின் முள் முழுதும் அடியில் கிடக்கும். எழுந்து கிளம்பும்போது இரண்டு டயரிலும் சீறும். வேப்ப மரத்தைத் தேடுங்கள், அல்லது ஊர்க் கோயில் திண்ணை.

முள் ஏறியது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். டியூப் டயரில் முள்ளே பாதி அடைப்பாக நிற்கும், காற்று மெல்லத்தான் கசியும். இரண்டு முறை பம்பு அடித்தே அடுத்த டீக்கடை வரை போய்விடலாம். டியூப்லெஸ் என்றால் பிடுங்கலாம். பிடுங்கியதும் ஓட்டை தரைப் பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள். சீலண்ட் அடியில்தான் தேங்கும், ஓட்டை மேலே இருந்தால் அது எட்டாது.

மாலையில் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுச் சென்னிமலைக்கு ஏறுங்கள். மலைக்கோயிலுக்கு 1320 படி, தனியாகத் தார் ரோடும் உண்டு. சைக்கிளில் ஏற ஆசைப்பட்டால் அன்று மாலையே ஏறுங்கள். மறுநாள் தூரம் அதிகம். மலையைச் சுற்றியுள்ள காட்டுக்குள் தடம் தேடி நுழையாதீர்கள், அங்கே வனத்துறை அனுமதி வேண்டும்.

9. இரண்டாம் நாள்: வாய்க்கால் கரை

சென்னிமலைக்கும் அறச்சலூருக்கும் இடையே கீழ்பவானி வாய்க்கால் கரையைப் பிடிப்பதுதான் இன்றைய சுகம். நிலத்தின் மட்டத்தைத் தொட்டபடியே போக வேண்டும் என்பதற்காக வாய்க்கால் வளைந்து வளைந்து ஓடும். அதனால் கரையில் ஏற்றமே இருக்காது, தூரம் மட்டும் சாலையைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. வரைபடத்தில் நேர்கோடாக அளந்து நேரம் போட்டவர்கள் அறச்சலூரிலேயே மதியமாக்கிவிடுவார்கள்.

தண்ணீர் விட்டிருக்கும் காலமா என்று பாருங்கள். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் நஞ்சைக்கும் ஜனவரியில் புஞ்சைக்கும் விடுவார்கள், அணையின் இருப்பைப் பொறுத்து மாறும். தண்ணீர் ஓடும்போது குளிர்ச்சிதான், ஆனால் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு வலுவாக இருக்கும். கான்கிரீட் போட்ட சரிவில் பாசி, பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. ஓட்டும்போதும் வாய்க்கால் பக்கம் விலகி, வெளி ஓரமாகவே போங்கள். டிராக்டர் வந்தால் இறங்கி நின்று வழி விடுங்கள்.

அறச்சலூர் மலைக் குகைத்தளத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறப் பாறை வழி, சைக்கிளைக் கீழே ஒருவர் காவலோடு விட்டுப் போங்கள். எழுத்தில் சுண்ணாம்போ தண்ணீரோ பூசிப் படமெடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். காலைச் சாய்வெயிலில் எழுத்து தானே தெரியும்.

சிவகிரிக்குப் பிறகு காடு மாறும். கரும்பு, மஞ்சள், வாழை, நெல் என்று ஈரம் தொடங்கும். இட்டேரிகள் குறைந்து வரப்புகள் கூடும். வரப்பில் ஓட்டாதீர்கள். ஒரு டயர் போன தடத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போனால், அன்றைக்கு முறைத்தண்ணி வாங்கியவருக்கு நஷ்டம். கடைசிப் பத்துக் கிலோமீட்டரைச் சின்னத் தார் ரோட்டிலேயே ஓட்டுங்கள்.

கொடுமுடியில் காவிரியில் குளிப்பதானால் படித்துறையிலேயே குளியுங்கள்.

10. வீடு வந்த அன்றிரவே

களைப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் சைக்கிளைத் திருப்பிப் போட்டு, விளக்கு வைத்து, இரண்டு டயரையும் ஒரு சுற்று பாருங்கள். சீலண்ட் அடைத்துவிட்டதால் தெரியாமல் ஒட்டியிருக்கும் முட்கள் இருக்கும். எல்லாவற்றையும் முள்வாங்கியால் எடுத்து, ஒவ்வொரு ஓட்டையையும் அடிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். விட்டுவிட்டால் அடுத்த ஓட்டத்தில் உள்ளே போய், ரிம்மில் ஒட்டிய டேப்பைத் தாண்டி ரிம் வரைக்கும் வேலை வைக்கும்.

செயினில் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அரம் மாதிரி ஆகியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, காய்ந்த தூசிக்கான செயின் எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டிஸ்க் பக்கம் அந்தத் துணியைக் கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக எண்ணியபோது என் பின் டயரில் மட்டும் பதினேழு முள் இருந்தது.